மருந்து தராத டாக்டரும் லீவில் வந்த மகளும்

1

இன்று நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, ரத்தப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நாள் இது. வந்தால் எனக்கு எதைத் தொட்டாலும் கைதவறும். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது. "அம்மா, யூ ஓக்கே?" என்று கேட்டபடியே என் மகள் மேகா பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். பதில் வரும்வரை நிற்கிற வயசில்லை அவளுக்கு. அந்தக் கோபத்தையும் சேர்த்து அடுப்பைத் துடைத்தேன்.

நான் இருப்பது அயர்லாந்தின் தெற்கு ஓரத்தில், கார்க் என்னும் ஊரில். பிறந்தது நாகலாபுரம். வேதநாராயண சுவாமி கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு, ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் வரும் ஊர் என்று சொன்னால் போதும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டைக்கு இரண்டும் என்று வளர்ந்தவள். இங்கே ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை.

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களிடம் "ரத்தம் டெஸ்ட் பண்றது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உண்மையில் என் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பதை எனக்கு முன்னாலேயே வேறு ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நோய் எப்படிப்பட்டது என்று பார்ப்பதுதான் என் பாடு. சாதுவா, முரடா? நடக்குமா, ஓடுமா? நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் இதுதான் பெரிய கேள்வி. ஒரே பெயருள்ள நோய்தான். ஒருவர் அதை உடம்பில் வைத்துக்கொண்டே பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பார். இன்னொருவரை அது சீக்கிரமே படுக்கையில் தள்ளிவிடும். யாருக்கு எது என்று முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. மார்க்கர் என்போம்.

இருட்டறையில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால், ஒவ்வொரு செல்லின் கருவுக்குள்ளும் இரண்டு சிவப்புப் புள்ளியும் இரண்டு பச்சைப் புள்ளியும் மினுங்க வேண்டும். சிவப்பு ஒன்று குறைந்தால், பதினேழாம் குரோமோசோமில் ஒரு துண்டு போய்விட்டது என்று அர்த்தம். செல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கும் காவல் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. காவல் போன வீட்டில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கண்ணாடித் துண்டை எடுப்பேன். யாருடையது என்று தெரியாது. முகம் தெரியாத வரைக்கும் இந்த வேலையில் ஒரு கஷ்டமும் இல்லை.

நைனாவுக்கும் இதே நோய் வந்தது.

2

போன மாம்பழ சீசனில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் தம்பி முருகேசனுக்குச் சித்தூரில் ஜூஸ் பேக்டரியில் வேலை. மாம்பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைக்கும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சீசன் வந்தால் நைனாவும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். லாரியிலிருந்து பழம் இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக நிற்பார். நிலத்தில் வேலை குறைவான மாதத்தில் வீட்டில் சும்மா உட்கார அவருக்குப் பிடிக்காது. அந்த முறை ஒரு கம்பி காலைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. "இது கால் காயத்தால இல்ல, திருப்பதிக்குப் போங்க" என்றார்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. எல்லாம் பார்த்துவிட்டு, நைனாவிடம் தெலுங்கில் அன்பாகவே சொல்லியிருக்கிறார்: "இப்புடு மந்துலு ஏமி வத்து பெத்தாயனா. இன்டிக்கி வெள்ளி பாகா தினண்டி." இப்போது மருந்து எதுவும் வேண்டாம் பெரியவரே, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து வந்து ரத்தம் கொடுங்கள்.

அந்தம்மா சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. இந்த நோய் ஆரம்பத்தில் இப்படி அமைதியாக இருந்தால் மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. முன்னாலேயே கொடுத்தால் லாபம் இல்லை. இங்கே கார்க்கில் டாக்டர் இதைச் சொன்னால், "அப்பாடா" என்று மூச்சுவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள்.

நாகலாபுரத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? எங்கள் ஊரில் சளி பிடித்தால் ஊசி. முட்டி வலித்தால் ஊசி. ஒன்றுமே இல்லை என்றாலும் ஒரு சத்து மாத்திரையாவது எழுதிக் கொடுப்பார்கள், கொடுக்காத டாக்டரிடம் மறுபடி யாரும் போவதில்லை. அப்படிப்பட்ட ஊரில், அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவு பெரிய நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடு என்றால்? அந்த வார்த்தையை எங்கள் ஊரில் ஒரே ஒரு வகை ஆளுக்குத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏர்பேட்டிலிருந்து அத்தை, நைனாவின் தங்கை, ஒரு தூக்கு நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு பஸ் ஏறி வந்துவிட்டாள். "அண்ணா, இன்னா துன்னணும்னு ஆசையா கீது சொல்லு. நான் செஞ்சு எடுத்தாறேன்." அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரர் வந்து அதையே கேட்டார். அதற்கடுத்து அம்மாவின் தம்பி வந்தார், பலகாரப் பொட்டலத்தோடு. கூலி வேலைக்குப் போன காலத்திலும் சரி, சொந்தமாக நிலம் வாங்கின பிறகும் சரி, நைனாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே கிடையாது. மூன்றாவது ஆளும் கேட்டதும் மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மோட்டார் போடப் போகவில்லை. நிலத்துப் பக்கமே போகவில்லை. எங்கள் வம்சத்தில் முதல்முதலாக வாங்கின நிலம் அது. அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்ததெல்லாம் அடுத்தவர் வரப்புதான். காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு நடை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர், "முருகேசன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டதும்தான் நான் கைபேசியை எடுத்தேன்.

போனில் கத்தினேன். "மருந்து வேணாம்னா நல்ல சேதி நைனா! நான் தெனம் இதத்தான பாத்துக்கினு கீறேன்? எனக்குத் தெரியாதா?"

"ம்" என்றார்.

பதற்றத்தில் என் வாய் இங்கே மற்ற தமிழ்க்காரர்களோடு பேசிப் பழகிய தமிழுக்குப் போய்விட்டது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். எங்கள் வீட்டில் நைனாவை நீ என்றுதான் கூப்பிடுவோம், துன்னியா என்றுதான் கேட்போம்.

"வனஜா, நீ மருவாதியா பேசறியே, அதான் எனக்கு பயமா கீது" என்றார்.

3

"அக்கா, ஒரு தரம் வந்து நேர்ல பேசிட்டுப் போ" என்றான் முருகேசன். சரி என்று லீவு கேட்கப் போனேன்.

இங்கே குடும்பத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் தனி விடுப்பு உண்டு. அதைக் கவனிக்கும் அலுவலக அம்மாள் கணினியில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நிரப்பினாள். நோயின் பெயர் சொன்னதும் முகம் இறங்கியது. "என்ன சிகிச்சை நடக்கிறது?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். "மருந்தே இல்லையா?" இல்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அப்படியானால் அவர் நன்றாக இருக்கிறார்!" இந்த விடுப்புக்கு அது பொருந்தாதாம், வருஷ விடுமுறையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பல்லைக் கடித்தேன். அவள் மேல் குற்றம் இல்லை. மருந்து இல்லையென்றால் நோயாளி இல்லை என்பது அவள் ஊர்க் கணக்கு. மருந்து இல்லையென்றால் ஆளே இல்லை என்பது என் ஊர்க் கணக்கு. எனக்கு மண்டை காய்ந்தது.

வீட்டில் மேகா சாப்பிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள், "தாத்தா சாகப்போகிறாரா?"

"இல்லடி."

"மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நீ ஏன் அழுகிறாய்?"

அவளும் இந்த ஊர்க் கணக்கில்தான் கேட்கிறாள். தாத்தாவை ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசித் திரையில் பார்க்கிற பிள்ளை. அவர் "துன்னியாம்மா?" என்பார். அவளுக்கு அந்த வார்த்தை புரியாது. "குட் தாத்தா" என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பரீட்சை என்றாள். மேகாவும் அவள் அப்பாவும் இருந்துகொள்ளட்டும் என்று, இருந்த விடுமுறை மொத்தத்தையும் சேர்த்து ஒரு மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

4

சென்னையில் இறங்கி ஊத்துக்கோட்டை வழியாகக் கார். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான் போய் உட்கார்ந்து எடுத்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். படித்தவள், இதே வேலையில் இருப்பவள். என் பேச்சைக் கேட்காமல் யார் பேச்சைக் கேட்பார்கள்?

கார் தெருவில் நின்றதும் எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தாள். "ஐயோ, பொண்ணே வந்துட்சா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் என் சட்டைத் தோள் நனைந்துபோனது. "டாக்டரே உன்ன வரச் சொன்னாரா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் குவைத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் அது ஒரே காரியத்துக்குத்தான். தெருமுனை வீட்டுப் பையன் அப்படித்தான் வந்தான், வந்த வாரமே அவன் அப்பா போய்விட்டார். மேலத்தெருவிலும் அப்படித்தான். பிள்ளை வந்து நின்றதால் யாரும் சாகவில்லை, சாகப்போவது தெரிந்துதான் பிள்ளை வந்தான். ஆனால் பார்க்கிற ஊருக்கு முதலில் கண்ணில் படுவது பிள்ளையும் பெட்டியும்தானே. நான் இருட்டறையில் சிவப்புப் புள்ளி தேடுகிற மாதிரி, அவர்கள் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். நோயால் இல்லை, சாப்பிடாததால்.

"உன்ன யாரு வரச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல நைனா. நானா வந்தேன்."

"சொம்மா சொல்லாத. எத்தினி நாள் லீவு?"

"ஒரு மாசம்" என்றேன், அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து.

அவர் முகத்திலிருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தார். "ஒரு மாசம்னு சொல்லிட்டாங்களா?" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஒரு மணி நேரம் விளக்கினேன். வெள்ளை அணு என்றால் என்ன, அது எப்படி மெதுவாகப் பெருகும், ஏன் இப்போது மருந்து கொடுக்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். பேப்பரில் படம் வேறு போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ சொல்றதுக்கா அம்மாந் தூரத்துலருந்து வந்த?" என்றார். அத்தை பின்னாலேயே நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லா பேசுது கொயந்த, அப்பன் மனசு நோவக் கூடாதுன்னு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

5

இத்தனை பேசினேனே, என் மனசு மட்டும் தைரியமாக இருந்ததா என்றால், இல்லை. எனக்கும் ஒரு பதில் வர வேண்டியிருந்தது.

மார்க்கர் பரிசோதனை இப்போது தேவையில்லை, மருந்து தொடங்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவும் சரிதான். நான்தான் விடவில்லை. முருகேசனை நச்சரித்து, நான் கிளம்புவதற்கு முன்பே நைனாவின் ரத்தத்தைச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வைத்திருந்தேன். நைனாவின் சிவப்புப் புள்ளிகள் இரண்டும் இருக்கின்றனவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பயந்து பட்டினி கிடக்கிறார் என்று திட்ட வந்தவளும் பட்டினிதான்.

நான் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நைனாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா என் முன்னாலேயே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். நைனா கைகட்டி நின்று "சரேனண்டி, சரேனண்டி" என்றார். மருந்துச் சீட்டு இல்லாமல் வெளியே வந்ததும் பழையபடி தலை தொங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் புத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம். மொட்டை போட்ட குடும்பங்கள், லட்டுப் பைகள், தெலுங்கு அறிவிப்பு, தமிழில் பேரம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கைபேசி அதிர்ந்தது. சென்னையிலிருந்து ரிப்போர்ட்.

திறப்பதற்கு விரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் நைனா என் கைபேசியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு படித்தேன். முதலில் பதினேழு. பழுதில்லை, இரண்டு சிவப்பும் இருக்கின்றன. பதின்மூன்றாம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அந்தக் குறை நல்ல பிள்ளை, அது மட்டும் இருந்தால் நோய் சாதுவாகப் போகும். கடைசி வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன். இந்தச் செல்கள் பிறந்த விதத்தைச் சொல்லும் ஜீன் ஒன்று உண்டு. அது தன்னை மாற்றிக்கொண்டிருந்தால் நோய் நிதானமாக நடக்கும், மாறாமல் இருந்தால் வேகம் பிடிக்கும். நைனாவுக்கு மாறாமல் இருந்தது. ஒன்று நல்லது, ஒன்று நல்லதில்லை. உடனே ஆபத்து இல்லை. ஆனால் பேரப்பிள்ளை கல்யாணம் வரை சும்மா இருக்கும் நோயும் இல்லை. மருந்து தேவைப்படும் நாள் வரும், மற்றவர்களை விடச் சீக்கிரமாகவே வரும்.

"இன்னா சொல்லுது?" என்றார்.

"நல்லாத்தான் கீது."

"உன் மூஞ்சிய பாத்துக்கினுதான கீறேன் நான்."

பொய் சொல்ல முடியவில்லை. "ரொம்பக் கெட்டது எதுவும் இல்ல நைனா, சத்தியமா இல்ல. ஆனா இப்டியே எப்பவும் கம்முனு இருக்காது. ஒரு நாள் மருந்து துன்ன வேண்டி வரும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கு மருந்து கீதா?"

"கீது. மாத்திரைதான். நல்ல மாத்திரை."

"அப்ப ஏன் குடுக்கல?"

"இப்ப வேணாம். வேண்டியப்ப குடுப்பாங்க."

"கீதுன்றியா?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு எழுந்து போய், கேட்காமலேயே இரண்டு டீ வாங்கி வந்தார். ரிப்போர்ட்டில் எந்த வரியை நான் இரண்டு தரம் படித்தேனோ, அந்த வரியைக் கேட்டுத்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. என் டீ கையிலேயே ஆறியது. அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

6

ஆனால் நான் வீட்டில் இருக்கும்வரை அந்தத் தெம்பு நிற்கவில்லை. காலையில் எழுந்தால் நான் கண்ணில் படுகிறேன், உடனே முகம் சுண்டிவிடுகிறது. விசாரிக்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவள் இருக்கும்போதே செத்துவிட்டால் மறுபடி டிக்கெட் போட வேண்டாமே என்று அவரே ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அன்றைக்கே டிக்கெட்டை மாற்றினேன். "ஞாயித்துக்கெழம கெளம்பறேன் நைனா" என்றேன்.

"ஒரு மாசம்னியே?"

"வேல கீது. இங்க எனக்கு இன்னா வேல? நீ நல்லாத்தான கீற."

என்னை உற்றுப் பார்த்தார். நான் அலட்சியமாக உட்கார்ந்து துணி மடித்தேன். அந்த அலட்சியத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய் அவர் கழுத்தில் கை வைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. மூன்று வாரமாவது பக்கத்திலேயே உட்கார வேண்டும்போல இருந்தது. சாயந்திரம் அம்மாவிடம், "ராத்திரிக்கு இன்னா கொழம்பு?" என்று நைனா கேட்கும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் ஏறும்போது அவர்தான் பெட்டியைத் தூக்கி வைத்தார். "போய்க்கினே இரு. நீ போனாத்தான் இவனுங்க வாய மூடுவானுங்க" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "எனக்கும் நம்பிக்க வரும்" என்றார். ஊத்துக்கோட்டை வரும்வரை பின் கண்ணாடி பக்கம் நான் திரும்பவே இல்லை. மறுநாள் காலையிலேயே நைனா மோட்டார் போடப் போய்விட்டதாக முருகேசன் சொன்னான். பெற்றவரைப் பிழைக்க வைக்க, பெற்ற பெண் அவரை விட்டு ஓடி வர வேண்டியிருந்தது. இதை இங்கே யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து நாற்காலி நோரா மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போவது என்பது எனக்குப் பெரிய திட்டமாகிவிட்டது. சும்மா போக முடியாது. "வரட்டுமா நைனா?" என்று வாயெடுத்தால் போதும், "இன்னாத்துக்கு? டாக்டரம்மா உனக்கு போன் பண்ணிச்சா?" என்று குரல் மாறிவிடும். கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் உற்சவம் என்று ஊர் ஒத்துக்கொள்ளும் காரணம் ஒன்று வேண்டும். உறவில் யாராவது பெண் பார்க்கிறார்களா என்று நான் விசாரிக்காத ஆள் இல்லை. "நீ ஏன் தாத்தா வீட்டுக்குப் போக அடுத்தவர் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாய்?" என்று மேகா கேட்டாள். விளக்கினேன். பாதியிலேயே அவள் கண் கைபேசிக்குப் போய்விட்டது. என்றைக்காவது எனக்கு முன்னால் இவளும் இப்படிச் சாவின் அடையாளமாக வந்து நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வாள் என்று தோன்றியது. ஒருவேளை அவளுக்கு அந்தப் பயமே இருக்காது.

7

இனி இன்றைக்கு வருகிறேன்.

போன இரண்டு பரிசோதனையிலும் வெள்ளை அணு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருப்பதாக அம்மா சொன்னாள். "சளி" என்றார் நைனா. சளி இல்லை என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்தே கோட்டுப் பையில் கைபேசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். அங்கே மதியம் தாண்டியிருக்கும், ரத்தம் கொடுத்து, டாக்டரம்மாவைப் பார்த்திருப்பார்கள்.

இருட்டறையில் யாரோ ஒருவருடைய செல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது பை அதிர்ந்தது. பாதியில் விட்டால் எண்ணிக்கை தப்பும். அந்த ஆளுக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாள். முடித்து, எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். வெளியே நடைபாதையில் வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். முருகேசன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வெள்ளை அணு இரண்டு மடங்காகியிருந்தது. ரத்தத்தின் சிவப்புச் சத்து நன்றாகவே இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் படித்த அந்தக் கடைசி வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. நோரா எட்டிப் பார்த்தாள். விளக்கம் தேவையில்லை அவளுக்கு. "ஐ ஆம் சோ சாரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அப்போது நைனாவே கூப்பிட்டார். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

"வனஜா! மாத்திரை குடுத்துட்டாங்க!"

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? மாத்திரைம்மா! நீ சொன்னியே, அதேதான். பெரிய டப்பா. தெனம் தவறாம துன்னணுமாம். டாக்டரம்மா நல்லா வெவரமா சொல்லிச்சு. இத்தினி நாள் ஒளிச்சு வெச்சுக்கினு இருந்தாங்க, இன்னிக்குத்தான் குடுத்தாங்க. உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், கோயிலுக்குத் தேங்கா எடுத்துக்கினு கெளம்பிட்டா. உங்கத்த பொங்க வெக்கறாளாம். இன்னா, பேச மாட்டேன்ற?"

நோரா இன்னும் என் கையை விடவில்லை. அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். பலருக்கு வருஷக்கணக்கில் நோயை அடக்கி வைக்கிறது. அடக்காமல் போனவர்களின் செல்களும் என் மேஜைக்கு வருகின்றன. இரண்டையும் பார்த்தவள் நான். எது அவருக்கு என்று எந்தப் புள்ளியும் இன்றைக்கு எனக்குச் சொல்லாது.

"நல்ல சேதி நைனா" என்றேன். "ரொம்ப நல்ல சேதி. துன்னியா?"

"பிரியாணி துன்னேன். முருகேசன் வாங்கிக் குடுத்தான்." ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "ஏம்மா, நீ இப்ப வாயேன். இப்ப வந்தா ஒருத்தனும் ஒண்ணியும் நெனைக்க மாட்டான். அந்தக் கொயந்தையையும் இட்டுக்கினு வா, பாக்கணும்போல கீது."

"வரேன். எத்தினி நாள் லீவு போடட்டும்?"

நைனா சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"ஒரு மாசமே போடு. இன்னா இப்ப?"